சரளைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி

டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடான மொல்லஹொய் கடல்மட்டத்திலிருந்து 170.86 மீட்டர் உயரமே உடையது; திருச்சி மலைக்கோட்டைப் பாறையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். மலையோ பள்ளத்தாக்கோ இல்லாத, நல்ல தார்ச்சாலைகள் சிற்றூர்கள் வரை போய்ச் சேர்ந்துவிட்ட இந்த நாட்டில், கரடுமுரடான பாதைக்கென உருவான உயரமான மோட்டார் சைக்கிள்களை ஏன் விரும்பி வாங்குகிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. வரைபடத்தை விரித்தால் காரணம் புலப்படும். தெற்கே ஜெர்மனியைக் கடந்தால் ஆல்ப்ஸ் மலை. கிழக்கே ஓரெசுண்ட் பாலத்தைத் தாண்டினால் சுவீடனின் காடுகளுக்குள் ஓடும் சரளைச் சாலைகள். யூட்லாந்து தீபகற்பத்தின் வடமுனைக்கு அருகிலுள்ள ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்தில் கப்பலேறினால் சில மணி நேரத்தில் நார்வே. அதே துறைமுகத்திலிருந்து ஃபாரோ தீவுகளின் டோர்ஸ்ஹவுன் வழியாகச் செல்லும் நொரோனா என்னும் கப்பலில் ஏறினால் ஐஸ்லாந்தின் கிழக்குக் கரை. டென்மார்க்கில் வண்டி வாங்குகிறவர் உண்மையில் இந்த நாடுகள் அத்தனைக்கும் சேர்த்தே வாங்குகிறார்.

நெடும்பயணத்துக்கும் இலேசான மண்பாதைக்கும் சேர்த்துப் பயன்படும் இத்தகைய வண்டியை இன்று உலகெங்கும் அட்வென்ச்சர் பைக் என்கிறார்கள். நிமிர்ந்து உட்காரும் அமைப்பு, அகன்ற ஹேண்டில், பெரிய முன்சக்கரம், எஞ்சினின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே கூடுதல் இடைவெளி, நாள் முழுவதும் ஓடத் தேவையான பெட்ரோல் டேங்க் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் பெற்ற வண்டிகள் 170 கிலோவிலும் கிடைக்கின்றன, 250 கிலோவிலும் கிடைக்கின்றன. விளம்பரப் படங்களில் இரண்டும் ஒரே மணல்மேட்டில் ஒரேமாதிரிப் பாய்கின்றன. வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, குதிரைத்திறனைப் பற்றியதோ மின்னணு வசதிகளைப் பற்றியதோ அல்ல. அந்த எடையைப் பற்றியது.

அதற்கு முன்னால், டென்மார்க்கில் மண்பாதை என்பது எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். காடுகளில் நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் சட்டம் தருகிற உரிமை மோட்டார் வாகனத்துக்கு இல்லை. சுவீடனில் 1975ஆம் ஆண்டுச் சட்டமும் நார்வேயில் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் சாலையை விட்டு விலகித் திறந்தவெளியில் வண்டி ஓட்டுவதைத் தடுக்கின்றன. பாசியின் மேல் பதிந்த ஒரு டயர் தடம் மறையப் பல்லாண்டுகள் பிடிக்கும் ஐஸ்லாந்திலும் அது குற்றமே. ஆகவே வட ஐரோப்பாவில் மண்பாதை என்ற சொல்லின் பொருள் சுருங்கியது, ஆனால் உறுதியானது: சட்டப்படி சாலை என்ற தகுதியுடைய, தார் போடாத வழி. இத்தகைய வழிகளைத் தன்னார்வலர்கள் நாடுநாடாகக் கோத்து உருவாக்கிய டிரான்ஸ் யூரோ டிரெயில் என்னும் நீண்ட தடம் டென்மார்க்கின் ஊடாகவும் செல்கிறது. சரளைக்கு அவசரப்படாதவர்களுக்கு வேறொரு நல்ல தொடக்கமும் உண்டு. 1991இல் திறக்கப்பட்ட மார்கரீட்டா சுற்றுவழி, பழுப்பு நிறப் பலகையில் வெள்ளை மலர் வரைந்த அடையாளத்துடன் 3,500 கிலோமீட்டருக்கும் மேலாகச் சிறு சாலைகள் வழியே நாடு முழுவதையும் வளைய வருகிறது.

டென்மார்க்கிலேயே வண்டியை உண்மையாகச் சோதிக்கும் இடங்கள் தென்மேற்குக் கடற்கரையில் இருக்கின்றன. ரோமோ, ஃபானோ ஆகிய தீவுகளின் அகன்ற கடற்கரைகளில் குறிப்பிட்ட பகுதிகளில் வாகனம் ஓட்ட அனுமதி உண்டு; அலை நனைத்து இறுக்கிய மணல் தார்ச்சாலையைப் போலத் தாங்கும், சில அடி தள்ளிக் கிடக்கும் உலர்மணலோ முன்சக்கரத்தை விழுங்கும். ரீபே நகருக்கு மேற்கே உள்ள மண்டோ தீவுக்குப் பாலமே கிடையாது. கடற்படுகையின் மேல் சரளை கொட்டி அமைத்த ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வழி ஒன்று உண்டு. கடல் ஏறும்போது அது நீரில் மூழ்கிவிடும், இறங்கும்போது மீண்டும் வெளிப்படும். டிராக்டர் இழுக்கும் பேருந்துகள் பயணிகளை ஏற்றிச் செல்லும் அந்த வழியில் சொந்த வண்டியில் போகிறவர் கடலேற்ற நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கிளம்பவேண்டும். குழியில் தேங்கிய உப்புநீர், உருளும் கற்கள், பக்கவாட்டுக் காற்று ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகக் காத்திருக்கும். இந்தப் பகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான வாடன் கடலோடு சேர்க்கப்பட்டது. வழியை விட்டு ஓரடி விலகுவதும் அங்கே தவறு என்பதை ஓட்டுநர் மறக்கலாகாது.

இத்தகைய வழிகள் புதியவை அல்ல. தார்ச்சாலை பரவுவதற்கு முந்தைய டென்மார்க்கின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது, அந்த நாட்டுக்கென்று ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தது. தூசி உறிஞ்சும் நில்ஃபிஸ்க் இயந்திரத்தால் உலகறிந்த ஃபிஸ்கர் அண்ட் நீல்சன் நிறுவனம் 1919இல் நிம்புஸ் என்னும் வண்டியை உருவாக்கியது. நான்கு சிலிண்டர்களை நேர்வரிசையில் அடுக்கிய 746 சிசி எஞ்சின். சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லச் செயினுக்குப் பதிலாக மூடிய குழாய்க்குள் சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட். 1934இல் வந்த இரண்டாம் தலைமுறையின் ஒலியைக் கேட்டு மக்கள் அதற்குக் குண்டுத்தேனீ என்று பெயரிட்டார்கள். தட்டை எஃகுப் பட்டைகளைத் தறையாணியடித்து இணைத்த சட்டகமும், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவரும் குழாய்களால் ஆன டெலஸ்கோப்பிக் முன்ஃபோர்க்கும் அதற்கு இருந்தன. இன்று சாதாரண வண்டிகளிலும் காணும் அந்த வகை ஃபோர்க்கைத் தொழிற்சாலை உற்பத்தியில் முதலில் கொண்டுவந்தவற்றுள் அதுவும் ஒன்று. தபால்துறை, காவல்துறை, படை ஆகியவை நெடுங்காலம் அதைப் பயன்படுத்தின. தொடக்கத்தில் 18, பின்னர் 22 குதிரைத்திறன் மட்டுமே உடைய, 200 கிலோவுக்கும் குறைவான வண்டி அது. சரளையிலும் சேற்றிலும் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஆட்களையும் கடிதங்களையும் சுமந்து சென்ற அதன் வரலாறு, இந்தப் பணிக்கு எவ்வளவு சிறிய விசை போதும் என்பதற்குச் சான்று.

இன்றைய வகையின் முன்னோடி ஜெர்மனியில் பிறந்தது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஆர் 80 ஜி/எஸ் வண்டியின் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகள் திறந்தவெளி, சாலை என்னும் இரண்டு ஜெர்மன் சொற்களைக் குறிப்பவை. 797 சிசி, 50 குதிரைத்திறன், எரிபொருளோடு 186 கிலோ. அடுத்த ஆண்டே பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் அந்த வழியில் வந்த வண்டி வென்றது. அதன் வாரிசான ஆர் 1250 ஜிஎஸ் 136 குதிரைத்திறனும் 249 கிலோவும் உடையதாக வளர்ந்தது. ஆல்ப்ஸ் வரை இருவர் பெட்டி படுக்கையோடு ஒரே நாளில் போவதற்கு அதைவிட வசதியான வண்டி அரிது என்பதில் ஐயமில்லை. அந்த 63 கிலோ வளர்ச்சியின் விலை சரளையில்தான் தெரியும்.

எடை மூன்று இடங்களில் வேலை செய்கிறது. முதலாவதாக, வண்டி மெதுவாகச் செல்லும்போதும் நிற்கும்போதும் அதைத் தாங்குவது ஓட்டுநரின் கால். சாய்வு ஒரு எல்லையைத் தாண்டினால் எந்தக் காலாலும் 250 கிலோவைப் பிடித்து நிறுத்த இயலாது. இரண்டாவதாக, தளர்ந்த தரையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு குறைவு; பாரமான வண்டியின் உந்தத்தை அந்தச் சிறு பிடிப்பால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினம். மூன்றாவது, விழுந்த வண்டியைத் தூக்குவது. மண்பாதையில் ஓட்டுகிறவர் என்றாவது ஒருநாள் விழுவார், பெரும்பாலும் நடைவேகத்தில்தான் விழுவார், பெரும்பாலும் தனியாக இருக்கும்போது விழுவார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களின் வலிமையால் பின்னோக்கி நடந்து எழுப்பும் முறையைக் கற்றவர்களே பெரிய வண்டியைத் தூக்குகிறார்கள். அவர்களாலும் அதை ஒரு நாளில் பல முறை செய்ய முடிவதில்லை. ஆகவே தன்னந்தனியாகத் தூக்க முடியாத வண்டியைச் சரளைக்கென வாங்கலாகாது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

எடை குறைந்த வண்டியின் பக்கம் டென்மார்க்கின் ஓட்டுநர் உரிமச் சட்டமும் இளையோரைத் தள்ளுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைப்படி உரிமம் மூன்று படிகளாக உள்ளது. ஏ1 என்பது 125 சிசி, 11 கிலோவாட் வரையிலான வண்டிக்கு. ஏ2 என்பது 35 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 47 குதிரைத்திறன் வரையிலான வண்டிக்கு, அதுவும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 0.2 கிலோவாட்டுக்கு மிகாமல்; ஏ என்பது வரம்பில்லாதது. டென்மார்க்கில் இவற்றுக்கான வயது முறையே 18, 20, 24. ஏ2 பெற்று இரண்டாண்டு ஓட்டியவருக்கு மட்டும் கடைசிப் படி சற்று முன்னரே திறக்கும்.

நடுப்படியில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயர்கள் வந்து சேர்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016இல் 411 சிசி எஞ்சினோடு வந்தது. 2023இல் அறிமுகமான அடுத்த தலைமுறை 452 சிசி, 40 குதிரைத்திறன், 196 கிலோ, 17 லிட்டர் டேங்க் ஆகியவற்றோடு ஐரோப்பியச் சந்தையிலும் விற்கப்படுகிறது. பிஎம்டபிள்யூவின் சின்னஞ்சிறு ஜி 310 ஜிஎஸ், 2017 முதல் ஒசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் உருவாகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வண்டி. 313 சிசி, 34 குதிரைத்திறன், சுமார் 170 கிலோ. 1980களில் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழர்கள் குடியேறிய நடு யூட்லாந்தின் ஊர்களில், சித்தி விநாயகர் கோயில் அமைந்த ஹேர்னிங், அபிராமி அம்மன் கோயிலால் பெயர்பெற்ற பிரண்டே போன்ற இடங்களில் வளர்ந்த இளந்தலைமுறை முதல் வண்டியைத் தேடும்போது, சென்னையிலும் ஒசூரிலும் உருவான இவை இரண்டும் கடையின் வாசலில் நிற்கக்கூடியவை. அதே படியில் ஹோண்டாவின் என்எக்ஸ் 500, இரண்டு சிலிண்டர், சரியாக 35 கிலோவாட், 196 கிலோ என்ற கணக்கோடு நிற்கிறது. நெடுஞ்சாலையில் அதன் அமைதியான ஓட்டம் ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு வராது, சரளையில் அதன் சிறிய முன்சக்கரமும் குட்டையான சஸ்பென்ஷனும் ஹிமாலயனுக்கு ஈடாகா.

இவற்றின் திறன் போதுமா என்பதற்குக் காற்று விடை சொல்கிறது. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். ஊருக்கு வெளியே பொது வரம்பான மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 130க்குப் போனால் அந்தத் தேவை நான்கு மடங்குக்கும் மேலாகிவிடும். அதன்மேல் வடகடலிலிருந்து வீசும் எதிர்க்காற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஃபின் தீவையும் ஷெலாண்ட் தீவையும் இணைக்கும் ஸ்டோரபெல்ட் பாலத்தில் கடல்மட்டத்துக்கு 65 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வண்டிகள் செல்கின்றன; 1998இல் திறக்கப்பட்ட அதன் நடுத் தொங்குபகுதி மட்டும் 1,624 மீட்டர். பலத்த காற்றின்போது காற்றால் தள்ளப்படும் வாகனங்களுக்கு அங்கே தடை விதிக்கப்படும். கோபன்ஹேகனிலிருந்து வாரந்தோறும் யூட்லாந்துக்குப் போய்வருகிறவருக்கு 34 குதிரைத்திறன் குறைவுதான். வரம்பற்ற உரிமம் உடையவருக்கு 70 குதிரைத்திறனை ஒட்டிய வண்டிகள் மிகப் பொருத்தமான இடத்தில் நிற்கின்றன: 689 சிசி, 73 குதிரைத்திறன், 204 கிலோ உடைய யமஹா டெனேரே 700 அவற்றுள் சரளைப் பக்கம் சாய்ந்தது, சுசூகி வி-ஸ்ட்ரோம் 650 சாலைப் பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் உள்ள விசை சுமையோடு இருவர் செல்வதற்கே பயன்படும்.

சக்கரமும் டயரும் இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியவை; கடைகளில் இவற்றைக் கேட்பவர் குறைவு. 21 அங்குல முன்சக்கரம் குழியின் விளிம்பைச் சந்திக்கும் கோணம் சிறியது என்பதால் அதற்குள் விழாமல் உருண்டு கடக்கிறது. 17 அங்குலம் தார்ச்சாலையில் விரைவாகத் திரும்புவதற்கானது. 17 அங்குலம் தார்ச்சாலையில் விரைவாகத் திரும்புவதற்கானது. கம்பிகளால் கட்டிய ஸ்போக் சக்கரம் அடியை வாங்கிச் சற்று நெளிந்துகொடுக்கும், வார்த்தெடுத்த அலாய் சக்கரம் விரிசல் விட்டுவிடக்கூடும். ஆனால் வழக்கமான ஸ்போக் சக்கரத்துக்குள் டியூப் வேண்டும். டியூப் இல்லாத டயரில் ஆணி தைத்தால் சக்கரத்தைக் கழற்றாமலே திரியைச் செருகி அடைத்துவிட்டுப் புறப்படலாம், டியூப் டயரிலோ சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, மழையில் மண்டியிட்டு உட்காரவேண்டும். ஸ்போக்குகளை விளிம்பில் பொருத்தி டியூப் இல்லாமலே காற்றை அடைக்கும் சக்கரம் கிடைக்குமானால் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

டயரைப் பொறுத்தவரை ஓட்டுநர் தம்மிடம் உண்மையாக இருக்கவேண்டும். பெரிய கட்டிகளுடைய டயர் சேற்றில் பல் பதிப்பதுபோலப் பிடிக்கும். ஈரமான தார்ச்சாலையில் அதே கட்டிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் பிடிப்பைக் குறைக்கும், ஒலி எழுப்பும், சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்தும்விடும். டென்மார்க்கிலிருந்து நார்வேக்கோ ஐஸ்லாந்துக்கோ போய்த் திரும்பும் பயணத்தில் பெரும்பகுதி தார்தான். ஐஸ்லாந்தின் 1,300 கிலோமீட்டர் சுற்றுச்சாலையும் 2019 முதல் முழுவதும் பாவப்பட்டது. ஆகவே ஆழமான வெட்டுகள் கொண்ட, ஆனால் தார்ச்சாலைக்கே முதன்மை தரும் நடுத்தர டயர் போதும். மணலுக்குள் இறங்கும்போது காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் தட்டையாகிப் பரப்பு கூடும், வண்டி புதையாமல் மேலே நிற்கும். திரும்பித் தாருக்கு வரும்போது மீண்டும் ஏற்றிக்கொள்ளக் கையளவு பம்ப் ஒன்று பையில் இருக்கவேண்டும்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியுள்ள ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, மழைத் தாரில் உயிர்காப்பான். தளர்ந்த சரளைச் சரிவில் நிலைமை மாறும்; அங்கே பூட்டிய பின்சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்து அதன் தடையால் வண்டியை நிறுத்தும், ஏபிஎஸ்ஸோ பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை உருளவிடும். ஆகவே பின்சக்கரத்துக்கு மட்டும் அதை அணைக்கும் வசதி உள்ளதா என்பதை வாங்கும்முன் கேட்டறிய வேண்டும்.

சீட்டின் உயரம் தனியே குறிப்பிடத்தக்கது. டெனேரேயின் சீட் 875 மில்லிமீட்டர் உயரம்; நெட்டையான டேனியர்களுக்கு அது இயல்பாக இருக்கலாம், சராசரித் தமிழருக்கு நுனிக்கால்தான் தரையைத் தொடும். ஹிமாலயனின் 825 மில்லிமீட்டர் இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. உயரத்தைக் குறைக்கச் சஸ்பென்ஷனையே தாழ்த்துவோர் உண்டு. தரை இடைவெளியும் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரமும் அதனால் குறைந்து, எதற்காக அந்த வண்டியை வாங்கினாரோ அந்தக் குணமே போய்விடும். சீட்டை மெல்லியதாக மாற்றிக்கொள்வதோ வேறு வண்டியைத் தேர்வதோ நல்லது.

பயணப் பைகள் வண்டியின் குணத்தை மாற்றக்கூடியவை. அலுமினியப் பெட்டிகள் பூட்டும் பாதுகாப்பும் தரும். அவற்றோடு தாங்கு கம்பிகளும் சேர்ந்து, ஒரு சட்டைகூட உள்ளே வைப்பதற்கு முன்பே பாரம் ஏறிவிடும், அதுவும் பின்சக்கரத்துக்கு மேலும் பின்னும். சரளையில் விழும்போது ஓட்டுநரின் கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே சிக்கக்கூடும். தண்ணீர் புகாத மென்மையான பைகள் இலேசானவை, விழுந்தால் நசுங்கிக் காலை விட்டுவிடுபவை. பாரமான கருவிகளைத் தாழ்வாகவும் முன்னோக்கியும் வைத்து, தூங்கும் பையைப் போன்ற இலேசானவற்றைப் பின்னால் மேலே கட்டுவதே முறை.

குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் கடற்கரையின் உப்பும் செயினை விரைவில் தின்றுவிடும். நிம்புஸின் ஷாஃப்டுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் இன்றைய ஷாஃப்ட் வண்டிகள் பெரும்பாலும் பாரமான வரிசையிலேயே கிடைக்கின்றன. ஆகவே செயினுக்கு எண்ணெய் இடுவதைச் சலிப்பின்றி ஏற்றுக்கொள்வதே இலேசான வண்டியின் விலை. ரோமோவிலோ மண்டோவிலோ ஓட்டிய அன்று மாலையே நன்னீரால் கழுவவேண்டும். கப்பலில் வண்டியை நாடாவால் கட்டும்போது ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, சீட்டுக்குக் குறுக்கே மெத்தை வைத்து அழுத்திக் கட்டினால் வடகடலின் ஆட்டத்தைத் தாங்கும்.

கடைசியாகப் பணம். டென்மார்க்கில் வண்டியின் மதிப்பைப் பொறுத்துப் பதிவு வரி உண்டு. ஜெர்மனிக் கடையில் காணும் விலையோடு இதை ஒப்பிட்டு ஏமாந்தவர் பலர், பழைய வண்டியை அங்கிருந்து கொண்டுவந்தாலும் வரி தொடரும். இதனால் ஏற்கெனவே டேனிஷ் எண்பலகை பெற்ற, ஓரிரு உரிமையாளர் ஓட்டிய வண்டியே பலருக்கு நல்ல கொள்முதல். அப்படி ஒன்றைப் பார்க்கப் போகும்போது ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், உரிமையாளரின் ஒப்புதலோடு அதைப் புல்தரையில் மெதுவாகப் படுக்கவைத்துத் தனியே தூக்கிப் பார்க்கலாம். பின்னர் எஞ்சினுக்கு அடியிலுள்ள தகட்டில் கல்லடித் தழும்பு உள்ளதா, ஸ்போக்குகளைத் தட்டினால் எல்லாம் ஒரே ஒலியைத் தருகின்றனவா, ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினால் நடுவில் எங்காவது சிக்குகிறதா என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். வசந்தகாலத்தில், ஹிர்ட்ஸ்ஹால்ஸ் கப்பலுக்குச் சீட்டு எடுப்பதற்கு முன், பயணத்துக்குரிய முழுச் சுமையையும் ஏற்றி யூட்லாந்தின் ஏதாவதொரு சரளைச் சாலையில் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்து, மாலையில் தேவைப்படாதவற்றைப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.